தரமெண்ணும் தகுவிலையும்

வட அமெரிக்காவில் பனித்தரை ஹாக்கி வீரர்தம் பழைய பட அட்டைகளை வாங்குவோர் பலர், உறைமேற் பொறித்த தரமெண்ணையே விலைக்கு அளவுகோலாகக் கொள்கின்றனர். இஃது ஏற்புடையதன்று என்பதே நம் கருத்து.

1979இல் கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் வெளியிட்ட வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டையைக் காண்போம். அதன் ஓரம் நீலம்; சிறு உரசலும் வெண்மையாய்த் தெரியும். கம்பியால் அறுக்கப்பட்டமையின் விளிம்புகள் சொரசொரப்பானவை. எனவே பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பத்தாம் தரம் பெறுதல் மிக அரிது. அத்தரத்ததொன்று 2021இல் 37.5 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதனைக் காட்டி எட்டாம் தர அட்டைக்கு உயர்விலை கேட்பாருக்கு நாம் செவிசாய்த்தல் வேண்டா. கேட்கும் விலை வேறு; விற்ற விலை வேறு. அதே தரத்து அட்டைகள் அண்மையில் ஏலத்தில் விற்ற விலைகள் சிலவற்றை ஒப்புநோக்குவதே முறை. பெருந்தொற்றுக் காலத்து விலைகள் இன்றைக்குச் சான்றாகா.

எட்டாம் தரம் பெற்ற இரண்டனுள்ளும் ஒன்றில் படம் நடுவே நிற்கும். மற்றொன்றில் ஒருபுறம் சாய்ந்திருக்கும். இரண்டும் ஒரு விலையாமோ? எண்ணும் பிழைபடலாம். பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டையொன்றுக்கு அதே நிறுவனம் எட்டு வழங்கியது. அதன் ஓரத்தைத் தாமே நறுக்கியதாக வணிகரொருவர் 2013இல் ஒப்புக்கொண்டார்!

கிரெட்ஸ்கியின் அதே படத்தை அமெரிக்க டாப்ஸ் நிறுவனமும் வெளியிட்டது. அதன் விலை குறைவு. பின்புறத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருப்பின் அது கனடா அட்டை.