லேகியம் இருக்கட்டும்... எத்தனை அங்குலம்?

மகனோ மகளோ அமெரிக்காவில் மினசோட்டா பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்களா? அப்படியானால் குளிர்காலத் தொடக்கத்தில் உங்களுக்கும் ஒரு போட்டோ வந்திருக்கும். வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும் ஒரு சின்ன ஏரி. அதன் நடுவே ஒரு துளை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஒன்றரை முழத் தூண்டிலோடு நம்ம பிள்ளை! 'ஐஸ் ஃபிஷிங்' என்பார்கள்.

போட்டோவைப் பார்த்த பெற்றோர் என்னிடம் வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான். "டாக்டர், உடம்பு சூடா இருக்க ஏதாவது லேகியம் கொடுங்க, பார்சல்ல அனுப்பணும்."

லேகியம் கொடுப்பது என் தொழில்தான். இருந்தாலும் சொல்கிறேன், அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை ஓர் அளவு டேப்!

ஏரி அடிவரைக்கும் உறைந்துவிடாது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக கனம். கனத்த நீர் அடியில் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று உறையும். மூடி போட்ட பானை மாதிரி, உள்ளே மீன்கள் சௌக்கியமாக இருக்கும். சின்ன ஏரியில் ஆழம் குறைவு, அதனால் சீக்கிரம் உறைகிறது. சீசனும் அங்கேதான் ஆரம்பம். முதல் ஐஸில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை. வில்லங்கமே இதில்தான். மீன் ஆசை காட்டுகிற அதே நாட்களில்தான் ஐஸ் மெல்லிசாக இருக்கிறது!

மினசோட்டாவின் இயற்கை வளத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புதிதாக உறைந்த, தெளிவான ஐஸ் குறைந்தது 4 அங்குலம் இருந்தால்தான் ஆள் நடக்கலாம். பனி கலந்து வெள்ளையாக இருந்தால் பலம் பாதிதான். கரையோரம் ஒருமுறை அளந்தால் போதாது, 150 அடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஊற்று இருக்கும் இடம், ஓடை வந்து கலக்கும் இடம் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் தப்புவதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் அப்பர் ரெட் லேக் என்ற பெரிய ஏரியில் ஐஸ் பாளம் பிளந்து நகர்ந்துவிட, நூறு பேருக்கு மேல் மீட்க வேண்டியதாயிற்று.

சரி, ஐஸ் உடைந்து உள்ளே விழுந்தால்? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் 1-10-1 என்று சொல்லிக் கொடுக்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு திணறும். தலையை வெளியே வைத்து மூச்சை நிதானப்படுத்த வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள் வந்த திசைக்கே திரும்பி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆக, பெரும்பாலும் ஆளை முதலில் கொல்வது உடம்புச் சூடு குறைவதல்ல. மூச்சுத் திணறலும், கை மரத்துப்போவதும்தான். இதற்கு லேகியம் என்ன செய்யும்? எங்கள் சித்த நூல்கள் பிறந்த மண்ணில் ஏரி உறைவதில்லை ஐயா!

"குளிருக்கு ரெண்டு பெக் பிராந்தி நல்லதாமே?" என்று கேட்கும் மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுத்தப் பொய். மது தோலின் ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. தோல் கதகதப்பாகத் தெரியும். உள்ளே இருக்கும் சூடோ வெளியே போய்க்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, எங்கே கால் வைக்கிறோம் என்ற நிதானமும் போய்விடும்.

தைலம் விஷயத்திலும் கறாராகவே சொல்கிறேன். குளிரில் விறைத்தவரைப் பார்த்தால் நம்மவர்கள் உடனே கைகாலைப் பரபரவென்று தேய்ப்பார்கள். கூடவே கூடாது! மரத்துப்போன விரலைத் தேய்த்தால் சதை கெடும். உடம்பே சில்லிட்டவரை முரட்டுத்தனமாக அசைத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த கம்பளியால் போர்த்தி, அசையாமல் படுக்க வைத்து 911-க்குப் போன் செய்வதுதான் சரி.

இதற்காக "போகாதேடா" என்று இங்கிருந்து தடை போடாதீர்கள். அடுத்த வாரம் சொல்லாமல் போவான். "எத்தனை அங்குலம்டா? யாரு கூட வர்றா? கழுத்துல ஐஸ் பிக் மாட்டிருக்கியா?" என்று கேளுங்கள். ஐஸ் பிக் என்பது கயிற்றில் கோத்த இரண்டு கைப்பிடி ஆணிகள். வழுக்கும் ஐஸில் குத்திப் பிடித்து ஏற உதவும். கூடாரத்துக்குள் ஹீட்டர் வைத்தால் காற்று வர வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஏதாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், சுக்குப் பொடி அனுப்புங்கள். ஃப்ளாஸ்க் நிறைய சுக்குக் காபி போட்டு எடுத்துப் போகட்டும். நீரிழிவு இல்லாதவரென்றால் வெல்லம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம். நடுங்குகிற உடம்புக்கு அந்த இனிப்புதான் விறகு.