ஈசலும் 904-ம்



மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பினால், விளக்கடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பவர்கள் நம் கரிசல் கிராமங்களில் உண்டு. விழுந்ததை அள்ளிக் காயவைத்து, முறத்தில் புடைத்து இறகைப் போக்கி, வெறும் சட்டியில் வறுத்துப் பொரியரிசியோடு சேர்த்துத் தின்பார்கள். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலரின் புறநானூற்றுப் பாட்டிலும் ஈசலும் மோரும் கலந்த உணவு வருகிறது. தின்றவர்கள் தெரிந்தே தின்றார்கள். பிடிக்காதவர்கள் தெரிந்தே ஒதுங்கினார்கள்.

கடையில் வாங்கும் பாக்கெட்டில் அந்தத் தெளிவு இல்லை. பளபளக்கும் மிட்டாயின் உறையில் 904 என்றிருந்தால் அது அரக்கு. மரக்கிளையில் பூச்சி சுரக்கும் பிசின். 120 என்றால், கள்ளிச்செடியில் வாழும் சிறு பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்புச் சாயம்.

நம் நாட்டு விதிப்படி பூச்சி அசைவம். ஆனால் தேனுக்கும் தேன்மெழுகுக்கும் அரக்குக்கும் விலக்கு உண்டு. அதனால் 904 சேர்ந்த மிட்டாய் பச்சைப் புள்ளியோடு வரலாம். விலக்கு சரியா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கட்டும். எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகர்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும், குறியீட்டு எண் மட்டும் போதாது, அந்தப் பொருள் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் செய்ததா என்பதையும் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது.

இது சைவ வீடுகளின் கவலை மட்டுமல்ல. 2023 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சிள்வண்டு மாவுக்கு அனுமதி தந்தபோது, இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று உறையில் எழுதச் சொன்னது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்தது. உள்ளே பூச்சி இருப்பதை உறையில் சொல்லியாக வேண்டும் என்றும் விதித்தது. அங்கே பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை! ஊருக்கு வரும் பெட்டியில் தின்பண்டம் இல்லாமல் இருக்குமா?

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்து அடித்தே அச்சுத்தொழிலில் பெயர் வாங்கிய ஊர் சிவகாசி. ஆனாலும் உணவுப் பாக்கெட்டின் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழில் போடத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்துப் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிப் போகும் தாய் அதை எந்த மொழியில் படிப்பார்? ‘இதில் அரக்கு உள்ளது, அது பூச்சியிலிருந்து கிடைப்பது’ என்று ஒரு வரி அச்சிட இடமில்லாத உறை எதையும் நான் பார்த்ததில்லை. உணவு நிறுவனங்கள் அதைத் தாமாகவே செய்யலாம். அச்சக நண்பர்களும் ஆர்டர் எடுக்கும்போதே எடுத்துச் சொல்லலாம்.

உங்கள் வீட்டுக்கு வரும் பாக்கெட்டுகளில் 120, 904 என்ற எண்களைக் கண்டால் உறையைக் கத்தரித்து எங்களுக்கு அனுப்புங்கள். புரியாத மற்ற எண்களையும் சேர்த்தே அனுப்புங்கள். வரும் இதழ்களில் ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்