இது சின்ன வெங்காயம் இல்லை

மகள் ஷெஃபீல்டுக்கு வேலைக்குப் போனபின், முதல்முறையாக அவளைப் பார்க்கப் போனது ஓர் அக்டோபர் மாதம். சமையலறை மேசையில் காகிதப் பை நிறையச் சின்ன வெங்காயம். சாம்பாருக்கு ஆகுமே என்று உரிக்க உட்கார்ந்தேன்.

“ஐயோ அம்மா, அது துலிப் கிழங்கு! சாப்பிட்டா வயிற்றைக் கெடுத்துடும்” என்று ஓடிவந்து பிடுங்கினாள்.

நமக்குத் தெரிந்த துலிப், கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் குவிமாடத்தில் விறைப்பாக நிற்கும் பெரிய பூதான். இது அதன் காட்டு உறவு. பெயர் துலிப்பா டார்டா. பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைகள். உயரம் 15 சென்டிமீட்டர்தான். பெரிய துலிப்புகள் பல ஓரிரு ஆண்டுகளில் சோர்ந்துவிடும். இது இடம் பிடித்துவிட்டால் ஆண்டுதோறும் தானே வரும். பக்கக் கிழங்கு விட்டுப் பெருகும்.

வெயில் படும் ஓரமாகப் பார்த்து இருவரும் 20 கிழங்குகளை நட்டோம். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் களிமண்ணில் சரளை கலந்தாள். 10 சென்டிமீட்டர் ஆழம், கூர்முனை மேலே. அவ்வளவுதான் வேலை.

“நாலு கிழங்கு கொடு, நம்ம வீவக வீட்டு நடைபாதையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைக்கிறேன்” என்றேன். சிரித்தாள். மூன்று மாதமாவது குளிரில் கிடந்தால்தான் தண்டு நீண்டு பூ வெளியே வருமாம். நம் ஊரில் ஐஸ்பெட்டியை விட்டால் குளிர்காலம் ஏது?

உண்மையில் நான் போனதே அவளைத் திரும்ப அழைக்கத்தான். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும் ஊரில் தனியாக எதற்கு? கிளம்பும் அன்று கேட்டேவிட்டேன். “யோசிக்கிறேன்மா” என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் தொலைபேசியில் கிழங்கைப் பற்றி மட்டும் விசாரித்தேன். “மண்ணுதாம்மா தெரியுது” என்பாள். மற்றதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் மறுபடி போனேன். ஒரே தண்டில் நாலைந்து பூ. மஞ்சள் நட்சத்திரம், நுனியில் வெள்ளை. வெயில் வந்தால் விரியும். மேகம் மூடினால் தானும் மூடிக்கொள்ளும்.

மே மாதம் பூ உதிர்ந்ததும், சுத்தமாக இருக்கட்டும் என்று இலைகளை வெட்டப் போனேன்.

“விடும்மா, அது தானா காயட்டும். அடுத்த வருஷப் பூவுக்குச் சாப்பாடு அந்த இலையிலிருந்துதான் கிழங்குக்குப் போகணும்.”

அடுத்த வருஷம் என்றாள். அக்டோபரில் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.