அனர்த்தத் திட்டங்களைப் புதுப்பிப்பது சட்டக் கடமையாக வேண்டும்: கொலன்னாவையை முன்வைத்து ஒரு நிலைப்பாடு

அனர்த்தத் திட்டம் எழுதி முடித்த நாளிலிருந்தே பழசாகத் தொடங்குகிறது. கிராம உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போகிறார். திட்டத்தில் அவருடைய பழைய தொலைபேசி இலக்கமே இருக்கிறது. மக்களைத் தங்கவைக்கவெனக் குறித்த பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையை யாரோ கட்டிய மதில் மறிக்கிறது. சதுப்பு நிலத்தை நிரப்பி வீடு கட்டியதும் மழைநீர் வேறு பக்கம் பாய்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இயற்றப்பட்ட இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், சனாதிபதி தலைமையிலான தேசிய சபையையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் உருவாக்கியது. ஒவ்வோர் அமைச்சும் திணைக்களமும் அரச கூட்டுத்தாபனமும் தனக்கென ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் விதித்தது. நாட்டுக்கு அது பெரும் பேறு. ஆனால் திட்டம் எழுதுவதில் காட்டும் அக்கறை அதைத் திருத்துவதில் காட்டப்படுவதில்லை என்பதே எங்கள் கவலை.

கொழும்பை அடுத்துள்ள கொலன்னாவை இதற்கு மிகப் பொருத்தமான சாட்சி. 1995 ஒக்டோபரில் இங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டுத் தீப்பற்றின. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி, வெல்லம்பிட்டி, சேதவத்தைப் பக்கத்து வீடுகளில் நாட்கணக்கில் நீர் நின்றது. மாடி உள்ளவர்கள் மாடியில் ஏறினார்கள்; இல்லாதவர்கள் படகு வரும்வரை காத்திருந்தார்கள். வெள்ளம் வடிந்த பின்னும் சுவர்களில் சேற்றுக்கோடு நின்றது. அடுத்த ஆண்டு, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, இங்குள்ள மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த மேடு எல்லார் கண்முன்னேயும் வருடக்கணக்கில் வளர்ந்தது. அயலவர்கள் அதை எதிர்த்துப் போராடியும் வந்தார்கள். வெள்ளமும் சரிவும் நேர்ந்தது 2013–2017 தேசிய அனர்த்த முகாமைத்துவத் திட்டத்தின் காலத்துக்குள்ளேதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை மறுபடியும் கரைமீறி இதே பகுதிக்குள் வந்தது.

ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதாது. இந்தியாவின் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம், இயற்றப்பட்டபோது, தேசிய, மாநில, மாவட்டத் திட்டங்களை வருடாவருடம் புதுப்பிக்கச் சொன்னது; அங்கே முதலாவது தேசியத் திட்டம் வெளிவந்ததோ 2016இல்தான். தவறினால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே சட்டத்தில் பின்வரும் ஏற்பாடுகள் தெளிவாக இடம்பெற வேண்டும் எனக் கோருகிறோம். தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முடிவதற்குள், பிரதேச மட்டம் வரையிலான எல்லாத் திட்டங்களும் திருத்தப்பட வேண்டும். அனர்த்தம் நிகழ்ந்தால் மூன்று மாதத்துக்குள் தனியாக ஒரு திருத்தம் அவசியம். தாழ்நிலம் நிரப்பப்பட்டாலும், புதிய தொடர்மாடி எழுந்தாலும், குப்பை கொட்டும் இடம் மாறினாலும் அவ்வாறே. திருத்தியவரின் பதவியும் திகதியும் முதற்பக்கத்தில் இருக்க வேண்டும். தவறிய நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். கணக்காய்வாளர் நாயகமும் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

ஆளணி போதாது என்ற மறுப்பு எழும். ஆனால் பிரதேச மட்டத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி, பட்டியலிலுள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் அழைத்துப் பார்ப்பதும், பாடசாலைத் திறப்பு யாரிடம் என்று கேட்பதும், படுக்கையிலுள்ள நோயாளரின் வீடுகளைக் குறித்துக்கொள்வதும்தான். திட்டங்களைப் பகிரங்கப்படுத்தும்போது எண்ணெய்க் களஞ்சியத்தின் பாதுகாப்பு விவரங்களை வெளியிட முடியாது என்பது நியாயமே. ஆனால் மக்கள் வெளியேறும் வழியை மறைக்க அது காரணமாகாது.

கொலன்னாவையில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே ஒழுங்கையில் வாழ்கிறார்கள். ஆகையால் திருத்திய பிரதி இரு மொழிகளிலும் ஒரே நாளில் வெளியாக வேண்டும். பிரதேச செயலகத்திலும் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் எவரும் கேட்டுப் பார்க்கக் கிடைக்க வேண்டும்.