மறுப்பிற்கும் முறையுண்டு

கணினி நிரலாளர் தாம் எழுதியதைப் பிறர் படித்து ஒப்பிய பின்னரே பொதுத் தொகுதியிற் சேர்ப்பது இக்கால வழக்கம். இம்மீளாய்வுக்கென அமைந்த மென்பொருள்களுள் கெரிற் என்பது ஒன்று. அண்ட்ரொயிட் போன்ற பெருமுயற்சிகளுக்கு அது உறுதுணையாய் நிற்பது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. அனுமதி மறுக்கும்போது அது பேசும் மொழியைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

புதிதாய் வந்த ஒருவர் தமது திருத்தத்தைப் பிரதான கிளைக்கே நேராக அனுப்புகின்றார். மீளாய்வுக்கென வகுத்த தனி முகவரி ஒன்று உண்டென்பதை அவர் அறியார். முற்காலப் பதிப்புகளில் அவர் பெற்ற மறுமொழி, இது தடுக்கப்பட்டது, இதற்குப் 'புஷ்' என்னும் உரிமை வேண்டும், நிருவாகியை அணுகுக என்ற அளவினதே. (நம் கந்தோர்களிலும் கேட்டுப் பழகிய குரல்தான்!) இதிற் பொய்யில்லை. ஆயினும் படித்தவர், தம்மை இக்குழு ஏலாது என்றெண்ணித் திரும்புதல் இயல்பு. அவருக்குத் தேவைப்பட்டதோ உரிமையன்று, சரியான முகவரி. பிற்காலப் பதிப்புகள், மீளாய்வுக்காயின் இன்ன முகவரிக்கு அனுப்புக, அன்றேல் 'புஷ்' உரிமை பெறுக என்று தெளிவுறக் கூறுகின்றன. ஒரே வாக்கியம்! அதனை எழுத இத்துணைக் காலம் சென்றதே என்பதுதான் நமது வியப்பு.

காரணம் கூறின் மறைபொருள் வெளிப்படும் என்பர் சிலர். அவ்வச்சம் ஓரளவு நியாயமானதே. கிற்ஹப் தளத்தில், உரித்தில்லாதவர் தனியார் தொகுதியொன்றை நாடின், 'தடை' என்னும் 403 ஐ விடுத்துக் 'காணப்படவில்லை' என்னும் 404 ஐயே பெறுவர். தொகுதி உளதென்பதே மறைபொருளாதலின் அது பொருந்தும். 2022 இல் வெளிவந்த ஆர்.எவ்.சி. 9110 என்னும் நியமமும் இதற்கு இடந்தருகின்றது. 403 இன் காரணத்தை விளக்கவும் அந்நியமமே இடந்தருகின்றது. தொகுதியை முன்னரே கண்ணாற் கண்டு கொண்டிருப்பவரிடம் எதனை மறைப்பது?

இன்னுமொன்று. நிருவாகியை அணுகுக என்னும் மென்பொருள், அவர் யாரென்று கூறுவதில்லை. திட்டமொவ்வொன்றின் உரிமையாளர் குழுவும் கெரிற்றின் அமைப்பிலேயே பதிவாகியுள்ளது. அக்குழுவைப் பார்க்க உரித்துடையோர்க்கேனும் அதன் பெயரை மறுப்புரையிற் சேர்த்தல் அரிய செயலன்று. கெரிற் திறந்த மூல மென்பொருள்; இத்துறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் எவரும் இத்திருத்தத்தை எழுதி அனுப்பலாம். மீளாய்வுக்குரிய முகவரிக்கே அனுப்புவாராக.