ரப்பரை மாத்தியும் அடங்கலையே... பழைய பைக்குகளை வாட்டும் ‘ஏர் லீக்’!

பழையசீவரம்,

பாலாற்றங்கரையில் உள்ள பழையசீவரம் வழியாக விடிந்தும் விடியாததுமாக பைக்குகள் பறக்கின்றன. வாலாஜாபாத் வழியாக ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் முதல் ஷிப்ட் பிடிக்க ஓடுபவர்கள், கட்டிட வேலைக்குப் போகிறவர்கள், காஞ்சீபுரம் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் என பலரும் இதில் அடக்கம். புத்தம் புது வண்டியும் போகிறது. 10, 15 வருஷம் ஓடிக் களைத்த கார்புரேட்டர் வண்டியும் போகிறது.

இந்தப் பழைய வண்டிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை ஒன்று உண்டு. ரோட்டில் ஓடும்போது வண்டி ஒழுங்காக இருக்கும். ரெயில்வே கேட்டில் நிறுத்தி ஆக்சிலேட்டரை விட்டதும் ரேஸ் இறங்காது. ‘ஊ...’ என்று உறுமும். அடுத்த நிமிஷம் ‘டக்’கென்று அணையும். மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ‘மேனிபோல்டுல ஏர் புடிக்குது’ என்பார். ரப்பரை மாற்றுவார். 2 மாதம் நிம்மதி. மூணாவது மாதம் பழைய குருடி கதவைத் திறடி!

‘அண்ணே, இப்பதானே மாத்துனீங்க?’ என்று கேட்டால், ‘டூப்ளிகேட் ரப்பர்ப்பா, நான் என்ன பண்றது?’ என்று பதில் வரும். பணம் போனது மட்டும் அல்ல. ஷிப்ட் தவறினால் அன்றைய சம்பளத்துக்கும் வேட்டு.

பழி எத்தனால் மேல்

இந்த வழக்கில் இப்போது புதிதாக ஒரு குற்றவாளி சேர்ந்திருக்கிறார். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்த ‘இ-20’. 2023 பிப்ரவரியில் அறிமுகமான இது, 2025-ல் நாடு முழுக்க பங்குகளுக்கு வந்துவிட்டது. ரப்பர் வெடித்தால் எத்தனால், மைலேஜ் குறைந்தால் எத்தனால், வண்டி நின்றால் எத்தனால் என்று எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும், கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசே ஒப்புக்கொண்டது. செலவு குறைவுதான், சர்வீசின் போதே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அந்தக் குறைந்த செலவு யார் பாக்கெட்டில் இருந்து என்பதை மட்டும் சொல்லவில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று கேட்டுப் போன பொதுநல மனுவை சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பர் 1-ந்தேதி தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, பழைய வண்டிக்காரருக்கு வேறு வழி கிடையாது. பங்கில் ஊற்றுவதைத்தான் ஓட்டியாக வேண்டும்.

ஆனால், ஒரே இடத்தில் மறுபடி மறுபடி காற்று பிடிப்பதற்கு எத்தனால் மட்டும்தான் காரணமா என்றால், அங்கேதான் சிக்கல். இ-20 வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இந்த நோய் இருந்தது.

காற்று நுழைவது எப்படி?

பிஸ்டன் கீழே இறங்கும்போது எஞ்சின் மூச்சை இழுக்கிறது. அந்த மூச்சு ஏர் பில்டர், கார்புரேட்டர், மேனிபோல்டு என்ற வரிசையில்தான் உள்ளே போக வேண்டும். கார்புரேட்டருக்குப் பிறகு எங்காவது முடி அளவு ஓட்டை இருந்தாலும், பெட்ரோல் கலக்காத வெறும் காற்று குறுக்கு வழியில் நுழைந்துவிடும்.

ஆக்சிலேட்டரை மூடியிருக்கும்போதுதான் இந்த இழுப்பு விசை மிக அதிகம். அதனால்தான் ஐடிலிங்கில் நோய் தெரிகிறது, வேகமாகப் போனால் மறைந்துவிடுகிறது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சாவியைக் கொடுப்பதும் இதனால்தான்.

சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இ-20க்கு சுமார் 13.5 பங்கு போதும். பழைய கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது பழைய அளவிலேயே காற்றை விடுகிறது. ஏற்கனவே காற்று கொஞ்சம் கூடுதல், அதற்கு மேல் மேனிபோல்டு ஓட்டை வழியாகவும் காற்று. முன்பு சமாளித்துக்கொண்டு ஓடிய சின்ன லீக், இப்போது வண்டியையே நிறுத்துகிறது. எத்தனால் மீது நியாயமாகச் சொல்லக்கூடிய குற்றச்சாட்டு இதுதான்.

காது வளைஞ்சா கதை முடிஞ்சுது

அசல் வில்லன் பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பானர்தான். கார்புரேட்டர் மேனிபோல்டில் உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு போல்ட். கார்புரேட்டரின் உடம்பு இரும்பு அல்ல, மிருதுவான உலோகம். லீக் ஆகிறதே என்று பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் இரண்டு காதும் வளையும், நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். அதன்பிறகு எத்தனை ரப்பர், எத்தனை ஓ-ரிங் போட்டாலும் சரியாகப் பதியாது. அடுத்த முறை லீக் ஆனால் இன்னும் ஒரு முறுக்கு! கடைசியில் திரெட்டே போய், லேத் பட்டறைக்கு நடக்க வேண்டியதுதான்.

சிலர் பேக்கிங்கை ரெண்டாகப் போடுகிறார்கள். சிலர் சிலிக்கான் பேஸ்டை அப்புகிறார்கள். சாதாரண சிலிக்கான் பெட்ரோலுக்குத் தாங்காது. ஊறி, பிய்ந்து, துண்டு துண்டாக எஞ்சினுக்குள்ளேயே போகலாம். இன்னும் சிலர் ஐடிலிங் ஸ்குருவைத் திருகி, பெட்ரோலைக் கூட்டி நோயை மூடி மறைக்கிறார்கள். வண்டி நிற்காது, மைலேஜ் போய்விடும்.

ஒழுங்கான வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எஞ்சின் ஆறியதும் கழற்றி, பழைய பேக்கிங்கை கோடு விழாமல் சுரண்டி எடுக்க வேண்டும். கார்புரேட்டரின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தால், வளைந்திருந்தால் இடைவெளியில் வெளிச்சம் தெரியும். தட்டையான கண்ணாடியின் மேல் எமரி ஷீட்டை வைத்து மெதுவாகத் தேய்த்தால் சமமாகிவிடும். அதிகம் தேய்த்தால் ஓ-ரிங் உட்காரும் பள்ளம் ஆழம் குறைந்துபோகும், அளவாகத்தான் தேய்க்க வேண்டும். பிறகு புது ஓ-ரிங் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் தேவையில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஏர் பில்டர் பாக்சின் குழாய் சரியாக மாட்டாவிட்டால் கார்புரேட்டரின் பாரம் முழுக்க மேனிபோல்டு ரப்பரில் தொங்கும். எஞ்சின் மவுண்டிங் போல்ட் லூசாக இருந்தாலும் இதே கதி. டிப்பர் லாரிகள் ஓடி குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் குலுங்கினால் நல்ல ரப்பரே வெடித்துவிடும், டூப்ளிகேட் எம்மாத்திரம்?

பிஸ்டனுக்கே ஆபத்து

‘கொஞ்சம் ரேஸ் ஏறுது, அவ்ளோதானே’ என்று விட்டால் பெரிய செலவில் முடியும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் எஞ்சின் சூடேறும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேர் என்று இருக்கும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் மாதிரி 2 ஸ்ட்ரோக் வண்டிகளில் இது இன்னும் மோசம். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, போரிங், பிஸ்டன் என்று ஆயிரக்கணக்கில் இழுத்துவிடும்.

இந்த 2 ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் ஆயில் சீல் காய்ந்துபோனாலும் அந்த வழியாகக் காற்று புகும். அறிகுறி அச்சு அசல் மேனிபோல்டு லீக் மாதிரியே இருக்கும். அப்போது வருஷம் பூரா ரப்பர் மாற்றினாலும் தீராது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபிறகு பெட்ரோல் இஞ்செக்ஷனுக்கு மாறிவிட்ட புது பைக்குகளில், கம்ப்யூட்டரே ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

தண்ணீர் சோதனை

லீக்கைக் கண்டுபிடிக்க பெட்ரோலை ஸ்ப்ரே செய்து பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சூடான எஞ்சினில் அது தீ விபத்துக்கு வழி. ஊதுபத்தி காட்டுவதும் அப்படியே. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் போதும். ஐடிலிங்கில் ஓடவிட்டு ஒவ்வொரு ஜாயிண்டாக, பிளக் கேப்பில் படாமல் அடிக்க வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் காற்று புகுகிறது. எங்கே அடித்தும் சத்தம் மாறவில்லை என்றால் ரப்பரை மாற்றச் சொல்லாமல் ஆயில் சீலையும், தேய்ந்துபோன கார்புரேட்டரையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து காசு கொடுக்கும் முன்பு, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு, மெக்கானிக் முன்னாடியே இன்னொரு தடவை தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கலாம்.