பாகத்துக்குப் பாகம் ஒரு தேதி

பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர் முதலில் கேட்பது, இது எந்த வருஷத்தது என்றுதான். நம்மில் பலர் பிக்கார்டைக் கழற்றி, வால்யூம் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டரின்) முதுகைப் பார்த்து ஒரு வருஷத்தைச் சொல்கிறோம். சான்றிதழிலும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தாளை நம்பிப் பணம் கைமாறுகிறது. இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

பாட்டில் குத்திய எண் பொய் சொல்வதில்லை. 137 என்று தொடங்கினால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலாப். 1376632 என்பது சிடிஎஸ் ஆலையில் 1966-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்த பாட். பழைய ஆறு இலக்க எண்ணில் வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான். எந்தப் பத்தாண்டு என்பதை வேறு பாகத்தில் தேட வேண்டும். எண் சொல்வது அந்தப் பாட் எப்போது செய்யப்பட்டது என்பதை மட்டுமே. பாட் ஆலையில் வைத்ததுதான் என்று உறுதியானால், கிட்டார் அதற்கு முந்தியது அல்ல என்று சொல்லலாம். எவ்வளவு பிந்தியது என்று சொல்ல முடியாது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் சிபிஎஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1966-இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள். அந்த 1966 பாட்கள் 1969-இல் செய்த கிட்டார்களிலும் இருக்கின்றன. நெக் பிளேட்டின் வரிசை எண்ணும் துணைக்கு வராது. பெட்டியில் கைக்கு வந்த பிளேட்டை எடுத்து முடுக்கினார்கள், அவ்வளவுதான். கிப்சனின் 1960-களின் எண்களோ வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வருபவை.

நம் புணேயில் இதே சிக்கலோடு நாள்தோறும் புழங்குகிறவர்கள் உண்டு. 1964-இல் இங்கே தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வரும் சுருள்களைக் கையாள்கிறவர்களைத்தான் சொல்கிறேன். கோடாக் சுருளின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் எனக் குறிகள் அச்சாகியிருக்கும். இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பும். 1936-க்கும் 1956-க்கும் ஒன்றே. அதுவும் கச்சாச் சுருள் தயாரான ஆண்டுதான், பிரதி எடுத்த ஆண்டல்ல. திரைப்பட ஆவணப் பணியில் இது பால பாடம். நம் தொழிலில் மட்டும் ஏன் இன்னும் ஒற்றை எண்ணை நம்புகிறோம்?

பிக்கப்புக்கு வருவோம். கிப்சன் ஹம்பக்கரின் அடியில் 1957 முதல் ஏறத்தாழ 1962 வரை இருந்த ஒட்டு, காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொல்கிறது. அதை வடிவமைத்த சேத் லவருக்கு அந்தக் காப்புரிமை 1959-லேயே கிடைத்துவிட்டது. அடுத்து வந்த ஒட்டில் அச்சான 2,737,842 என்ற எண் பிக்கப்புக்கு உரியதே அல்ல. லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு உரியது. இரண்டு ஒட்டுகளுக்கும் போலிகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. காயில் கம்பியின் நிறம் இவற்றைவிட நல்ல சாட்சிதான். ஆனால் அதைப் பார்ப்பதற்காக மூடியைத் திறந்தால், ஆலையில் வைத்த ஈயம் போய்விடும். தொடப்படாத ஈயத்தைவிடப் பெரிய சாட்சி அந்தக் கிட்டாரில் வேறில்லை. திறக்காதீர்கள். பாட் எண்ணை மறைக்கும் எர்த் கம்பியையும் உருக்கி எடுக்காதீர்கள். சிறு கண்ணாடியும் விளக்கும் வைத்துத் தெரிகிற இலக்கங்களை மட்டும் படியுங்கள்.

மரத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆலைகள் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிக்கு, தோதகத்திக்கு, மாறின. அந்த மரம் நம் கண்ணுக்குப் பழக்கமானது. 1962 என்று சொல்லப்படும் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் விரல்பலகை ஈட்டியாக இருந்தால், அதை இங்கே யாரோ மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். பிரேசில் மரமாக இருந்தால் உரிமையாளரை எச்சரியுங்கள்: 1992 முதல் அது சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்டி விற்பது எளிதல்ல.

இங்கே மாற்றிய பாகங்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். தாராளமயம் வந்த 1991-க்கு முன் இந்தக் கிட்டார்களில் பெரும்பாலானவை பயணிகளின் கைச்சுமையாகவே இந்தியாவுக்குள் வந்தன. பாட் கெட்டால் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வழியில்லை. ரேடியோ உதிரிபாகம் விற்கும் கடைதான் கதி. புணேயில் என்றால் புத்வார் பேட்டின் தப்கீர் கல்லி. ஃபெண்டருக்கு வேண்டியது 250 கிலோ ஓம். கிடைத்தது 500-ஓ ஒரு மெகாவோ. ஓசை கூர்மையானது, ஆனால் கச்சேரி நடந்தது. அறுந்த காயிலை மோட்டார் சுற்றுகிறவர்களின் எனாமல் கம்பியால் மறுபடி சுற்றினார்கள். அந்தக் கை வேலையை 'ஒரிஜினல் அல்ல' என்ற இரண்டு சொல்லில் தள்ளிவிட்டு, புது வின்டேஜ் பாட்டை வைத்து, பழையதைக் குப்பையில் போடுகிறோம். அந்தக் கிட்டார் இந்த நாட்டில் வாழ்ந்ததற்கு அதில் இருந்த ஒரே தடயம் அதோடு போகிறது. இது அநியாயம்.

அடுத்த இதழிலிருந்து நாம் வெளியிடும் அடையாளக் குறிப்புகளில் 'வருஷம்' என்ற ஒற்றைக் கட்டம் இருக்காது. நெக்கின் அடியிலுள்ள தேதி, உடலின் உட்குழியில் எழுதியது, ஒவ்வொரு பாட்டின் எண், பிக்கப், பலகை மரம், எந்த ஈயம் தொடப்படாதது என்று தனித்தனியே எழுத வேண்டும். இந்தியாவில் மாற்றியவற்றுக்கு ஒரு பத்தி தனியாக உண்டு. எந்த ஊர், யார் கை என்று உரிமையாளருக்குத் தெரிந்தால் அதையும் சேர்க்கவும். கழற்றிய பாகத்தை உறையிலிட்டு, எடுத்த தேதியை மேலே எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்.